கல்லூரிக் கட்டுரையும் கனிந்த எழுத்தும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையும் சோழிங்கநல்லூரிலிருந்து வரும் சாலையும் கூடுமிடத்தில் அமைந்தது மேடவாக்கம். ஏரியும் வயலுமாக விளங்கிய சிற்றூர், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மாநகரத்தோடு கலந்துவிட்டது. இவ்வூரைச் சுற்றி நாற்புறமும் கல்விக்கூடங்கள் எழுந்துள்ளன. மேற்கே தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. கிழக்கே சோழிங்கநல்லூரில் முகம்மது சதக் கலை அறிவியல் கல்லூரி. தென்மேற்கே வண்டலூரில், வள்ளல் பி. எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் 1984-இல் தோன்றி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள கிரசென்ட் கல்வி நிலையம். வடக்கே தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். காலை நேரத்தில் இச்சாலைகளில் செல்லும் பேருந்துகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் பலருடைய பையிலும், ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை ஒன்று இருக்கும்.

அக்கட்டுரையின் கதி என்ன? ஆசிரியர் அதனைப் படித்து மதிப்பெண் இடுகிறார்; பருவம் முடிகிறது; ஏடு பழைய தாள் கடைக்குப் போகிறது. எழுதியவனும் அதனை மறந்துவிடுகிறான். ஆண்டுதோறும் எழுதப்படும் ஆயிரமாயிரம் கட்டுரைகளின் வரலாறு இவ்வளவே. ஆயினும், அவற்றுள் மிகச் சில இவ்விதிக்கு அடங்காமல் தப்பியுள்ளன. மாணவப் பருவத்தில் பட்டத்துக்காக எழுதப்பட்ட ஏடு, நூலாகி, ஒரு துறைக்கே வித்தாகி, எழுதியவனை எழுத்தாளனாக்கிய நிகழ்ச்சிகள் நம் நாட்டில் உண்டு. அவை எவ்வாறு நிகழ்ந்தன என்பதை ஆராய்வது, இன்று எழுதுகோல் பிடிக்கும் இளைஞர்க்குப் பயனுடையதாகும்.

புண்பட்ட நெஞ்சில் பிறந்த ஆய்வு

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. அதற்குமுன் நூறாண்டுக் காலம் அது சென்னையின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கியது. அங்கே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருத்தணியில் பிறந்த ஏழை மாணவர் ஒருவர் தத்துவம் பயின்றார். அவர் அப்பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மிக எளியது. உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்துவிட்டார். வேறு பாடத்துக்குப் புத்தகம் வாங்கப் பணம் இல்லை. அம்மாணவரே பிற்காலத்தில் நம் நாட்டின் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

வறுமை அவருக்குப் பாடத்தைத் தந்தது. ஆனால் வினாவைத் தந்தது வகுப்பறை. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை, உலகை மாயை என்பவர்க்கு நன்மை தீமை என்ற வேறுபாடு எங்ஙனம் பொருள்படும் என்னும் கண்டனம் கிறித்தவ அறிஞரிடையே அக்காலத்தில் வலுவாக நிலவியது. அது அந்த இளைஞரின் உள்ளத்தைத் தைத்தது. தம் ஆசிரியர்கள்மீது அவருக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அவர்கள் கூறிய முடிவை ஏற்க மனம் ஒப்பவில்லை. மறுக்கவேண்டுமாயின் கற்கவேண்டும். அதுவரை வழக்கமாகக் கைக்கொண்டு வந்த சமயத்தை, முதன்முறையாக மூல நூல்களின் துணையோடு அவர் ஆராயத் தலைப்பட்டார். முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் வேதாந்தத்தின் ஒழுக்கவியலையே பொருளாகக் கொண்டார். அவ்வேடு 1908-இல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது.

இங்கே நாம் நோக்கத்தக்கது மற்றொன்றுண்டு. அந்த ஏட்டை மதிப்பிட்டவர் கிறித்தவ இறையியலில் துறைபோன பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். மாணவர் எழுதியது தம் சமயத்தார் கூறிவந்த கருத்துக்கு மறுப்பு என்பதை அவர் அறியாதவர் அல்லர். எனினும், சிக்கலான வாதத்தைக் கையாளும் ஆற்றலையும் தெளிந்த நடையையும் கண்டு மனமாரப் பாராட்டினார். மாற்றுக் கருத்துடைய மாணவனையும் வளர்க்கும் ஆசிரியர் வாய்த்தாலன்றி இத்தகைய ஏடு பிறப்பதரிது. மாணவன் துணிவும் ஆசிரியர் நடுநிலையும் கூடிய இடத்திலேதான் எழுத்து முளைத்தது.

இல்லாமையைக் கண்ட கண்

இனி, இதனினும் நமக்கு நெருங்கிய வரலாறு ஒன்றைக் காண்போம். அது கடல் கடந்து இலங்கையில் நிகழ்ந்தது; ஆயினும் அதன் பயனை நுகர்ந்து வருவது தமிழ் கூறும் நல்லுலகம் முழுவதும் ஆகும்.

இலங்கையின் மேற்குக் கரையில், சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் பாணந்துறைப் பகுதியில், 1922-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பிறந்தவர் ம. மு. உவைஸ். 1942-இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் யாழ் நூல் கண்ட சுவாமி விபுலாநந்த அடிகள். அவ்வடிகளாரிடம் தமிழ் பயிலும் பேறு உவைஸ் அவர்களுக்குக் கிட்டியது. துறவி ஒருவர் ஆசிரியர். இஸ்லாமிய இளைஞர் ஒருவர் மாணாக்கர். இருவரையும் இணைத்தது தமிழ்.

அக்காலத்துத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். சங்க காலம், சமண பௌத்தக் காப்பியங்கள், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம் என விரியும் அவ்வரலாறுகளில் இஸ்லாமியப் புலவர்க்குக் கிடைத்த இடம் மிகக் குறுகியது. உமறுப்புலவர் பெயரும் சீறாப்புராணமும் சுட்டப்படும், அத்துடன் அமையும். சென்ற சில நூற்றாண்டுகளில் தமிழ் முஸ்லிம்கள் ஆக்கிய காப்பியங்களும், அரபு பாரசீக மரபிலிருந்து தமிழுக்கு வந்த மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய இலக்கிய வகைகளும் பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

எழுதப்பட்டிருக்கும் ஒன்றைப் பற்றி எழுதுவது எளிது. எழுதப்படாமல் விடுபட்டது எது என்று காண்பது அரிது. பாடநூலைப் படிக்கும் மாணவருள் பெரும்பாலோர், அதில் உள்ளதே உலகம் என்று கொள்வர். தம் இல்லத்து முதியோர் ஓதக் கேட்ட பாடல்கள் பாடநூலில் ஏன் இல்லை என்று வினவுபவரே ஆராய்ச்சியாளராகின்றனர். உவைஸ் அவர்கள் முதுகலைப் பட்டத்துக்குத் தேர்ந்துகொண்ட பொருள், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு. 1951-இல் அந்த ஆய்வு நிறைவுற்றது. பல்கலைக்கழகக் கல்வி ஆங்கிலத்தின் வழியாக நடைபெற்ற காலமாதலின், அவ்வேடும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. 1953-இல் கண்டிப் பகுதியைச் சேர்ந்த கல்ஹின்னைத் தமிழ் மன்றம் அதனை நூலாக வெளியிட்டது. மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோன்றிய மன்றம், மாணவர் ஒருவரின் பட்ட ஆய்வை அச்சேற்ற முன்வந்த செயல் நம் பதிப்பு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது.

அந்நூல் விளைத்த விளைவை அளவிட, அதன்பின் நிகழ்ந்தவற்றைக் காணவேண்டும். 1973-இல் திருச்சிராப்பள்ளியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆராய்ச்சி மாநாடு கூடியது. தொடர்ந்து பல ஊர்களில் மாநாடுகள் நடைபெற்றன. 1979-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனத் தனி இருக்கை அமைந்தபோது, அதன் பேராசிரியராக அழைக்கப்பட்டவர் உவைஸ் அவர்களே. அங்கே பேராசிரியர் பி. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதும் பெரும்பணியைத் தொடங்கினார். முதல் தொகுதி 1986-இல் வெளிவந்தது. 1996-இல் மறையும் வரையில் அவர் கையிலிருந்து எழுதுகோல் நீங்கவில்லை. மாணவராக இருந்தபோது எழுப்பிய வினாவுக்கு வாழ்நாள் முழுவதும் விடை எழுதியவர் அவர்.

எழுத்தாளர் என்ற வகையில் அவர் வளர்ந்த முறையும் சிந்தனைக்குரியது. ஆய்வு என்ற ஒரே கிளையோடு அவர் நிற்கவில்லை. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' புதினத்தைக் 'கிராமப் பிறழ்வு' என்னும் பெயரால் தமிழுக்குத் தந்தார். தம்மைச் சூழ்ந்த மொழியைப் பகையாகக் கருதாது, அதன் செல்வத்தையும் தமிழுக்குக் கொணர்ந்தார். தம் சமுதாயத்தின் பங்கைத் தமிழுலகுக்கு உணர்த்தப் புறப்பட்டவர், அண்டைச் சமுதாயத்தின் வாழ்வையும் தமிழர்க்கு உணர்த்தியது பொருத்தமன்றோ?

கவிஞர் மாணவரானார்

மூன்றாவதாக நாம் காணவிருப்பவர், மேற்கூறிய இருவரினின்றும் வேறுபட்டவர். அவர்கள் மாணவராயிருந்து எழுத்தாளராயினர். இவரோ எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற பின்னரும் மாணவரானார். அவர் கவிக்கோ அப்துல் ரகுமான்.

மதுரையில் 1937-ஆம் ஆண்டு பிறந்த அவர், தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்றார். ஔவை துரைசாமிப் பிள்ளை, அ. கி. பரந்தாமனார் போன்ற புலமை மிக்க பேராசிரியர்கள் அங்கே அவருக்கு வாய்த்தனர். பழந்தமிழ் யாப்பும் இலக்கணமும் ஐயந்திரிபறக் கற்ற பின்னரே அவர் புதுக்கவிதைக்கு வந்தார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய நாளில், 1974-இல் 'பால்வீதி' வெளிவந்தது. புதுக்கவிதை உலகில் அவர் பெயர் நிலைபெற்றது.

அத்துணைப் புகழ்பெற்ற கவிஞர்க்கு இனி ஆய்வுப் பட்டம் எதற்கு என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர், தாம் கையாண்ட கலையின் கருவியையே ஆராயப் புகுந்தார். குறியீடு என்பது யாது? அது எவ்வாறு ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துகிறது? சங்கப் புலவரின் உள்ளுறைக்கும் மேலைநாட்டுக் குறியீட்டியத்துக்கும் உறவுண்டா? இவ்வினாக்களோடு, தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராயிருந்த ச. வே. சுப்பிரமணியனார் வழிகாட்டுதலில், புதுக்கவிதையில் குறியீடு என்னும் பொருளில் ஆய்வு நிகழ்த்தி முனைவர் பட்டம் பெற்றார். 'ஆலாபனை' என்னும் தொகுதிக்காக 1999-இல் சாகித்திய அகாதெமி விருது அவரை வந்தடைந்தது. 2017-இல் மறையும் வரையிலும் அவர் கற்பதை நிறுத்தவில்லை.

ஊற்றாய்ப் பெருகும் உணர்ச்சியை ஆராய்ச்சி வறளச் செய்துவிடும் என்று அஞ்சும் இளங்கவிஞர் உளர். அவ்வச்சம் வீண் என்பதற்குக் கவிக்கோவின் வாழ்வே சான்று. தன் கருவியின் இயல்பை அறிந்த தச்சன் கைவண்ணம் இழப்பதில்லை.

இரு ஆசிரியர் மரபு

இம்மூவர் வரலாறும் இருபதாம் நூற்றாண்டுக்குரியவை. ஆயினும், பாடமும் படைப்பும் கைகோத்துச் செல்லும் மரபு நமக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே உமறுப்புலவர் இதற்கு வழிகாட்டியுள்ளார். எட்டயபுரம் அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் கற்றார். காப்பிய அமைப்பும் வருணனை வளமும் சொல்லாட்சியும் அந்தப் பள்ளியில் கிடைத்தவை. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடப் புகுந்தபோது அக்கல்வி மட்டும் போதவில்லை. மூலச் செய்திகள் அரபு மொழியில் இருந்தன. கீழக்கரை மார்க்கப் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை அவர் நாடிச் சென்றார் என்பதும், அவ்வறிஞர் தொடக்கத்தில் இணங்காமல் பின்னரே இசைவு தந்தார் என்பதும், பரங்கிப்பேட்டை ஆலிம் ஒருவரிடம் வரலாற்றுச் செய்திகளைக் கேட்டறிந்தார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவன.

புலமை பெற்ற கவிஞர் ஒருவர், மீண்டும் மாணவராய்ப் பணிந்து நின்று, கேட்டு எழுதிக்கொண்ட குறிப்புகளின்மீது எழுந்ததே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம். தமிழாசிரியர் ஒருவர், அரபு அறிந்த ஆலிம் ஒருவர் என இரு ஆசிரியர் வாய்த்ததனாலேயே அக்காப்பியம் வாய்த்தது. தமிழ் முஸ்லிம் எழுத்தாளனின் பயிற்சி முறைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

கொள்ளையர் எடுத்த குறிப்பேடு

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. பதினோராம் நூற்றாண்டில் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்த அவர்கள், ஜுர்ஜான் நகரத்துக்குச் சென்று கல்வி கற்றார்கள். ஆசிரியர் கூறியவற்றையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்து உடைமைகளைப் பறித்தனர். இளைஞர் கஸ்ஸாலி, கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று, அக்குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு வேண்டினார்கள். அவற்றைப் பெறுவதற்காகவே தாம் ஊர்விட்டு ஊர் வந்ததாகக் கூறினார்கள். அவன் நகைத்தான். பையைப் பறித்தவுடன் பறிபோகும் அறிவு எப்படி உன்னுடைய அறிவாகும் என்னும் கருத்தில் வினவி, ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான். ஊர் சேர்ந்த அவர்கள் மூன்றாண்டுகள் உழைத்து, எழுதியவற்றையெல்லாம் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள் என வரலாறு கூறுகிறது. மார்க்க அறிவை உயிர்ப்பித்த பெருநூலை உலகுக்கு ஈந்த மேதைக்குக் கொள்ளையன் ஒருவனும் ஆசிரியனாய் அமைந்தான்!

தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்த வினா இன்று நம் மாணவர்முன் புது வடிவில் நிற்கிறது. முன்னாளில் மூத்த மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதினர். பின்னாளில் கடைகளில் ஆய்வேடு விலைக்குக் கிடைத்தது. இன்றோ, கைப்பேசியில் தலைப்பைத் தட்டிய மாத்திரத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவி கட்டுரை முழுவதையும் இயற்றித் தருகிறது. அக்கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அச்சுப்பொறி வந்தபோதும் பழித்தவர் இருந்தனர். தகவல் தேடவும் ஐயம் தீர்க்கவும் அது உதவுமாயின் உதவட்டும். ஆனால் வினா ஒன்று எஞ்சுகிறது. ஒப்படைத்த கட்டுரையை எவரேனும் பறித்துக்கொண்டால், எழுதியவனிடம் மிஞ்சுவது என்ன?

இராதாகிருஷ்ணன் ஏட்டில் மிஞ்சியது, புண்பட்ட நெஞ்சம் தேடிக் கண்ட விடை. உவைஸ் ஏட்டில் மிஞ்சியது, விடுபட்டதைக் காணும் கண். கவிக்கோவின் ஏட்டில் மிஞ்சியது, தன் கலையைத் தானே அறிந்த தெளிவு. இவை மூன்றும் மதிப்பெண்ணில் அடங்காதவை. இரவலாகவும் பெற இயலாதவை. பாடத்தின் வினா மாணவனின் சொந்த வினாவாக மாறும் கணத்திலேதான் எழுத்தாளன் பிறக்கிறான். வினா தன்னுடையதாயின், விடையைப் பிறர் எழுதித் தர அவன் மனம் இசையாது.

நம் முன் உள்ள பணி

சென்னைப் புறநகரில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் கீழக்கரை, காயல்பட்டினம், வாணியம்பாடி முதலிய ஊர்களிலிருந்து பிழைப்பும் கல்வியும் நாடி வந்தவை. பெயர்ந்து வரும்போது பெட்டியில் அடுக்கப்பட்டவை எவை, விடுபட்டவை எவை என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. பாட்டியார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் பல இல்லங்களில் பரண்மீது கிடக்கின்றன. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதிய அந்நூல்களைப் படிக்க வல்லோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். பேரனுக்கு அரபு எழுத்தும் தெரியும், தமிழும் தெரியும். இரண்டையும் இணைத்துப் படிக்கும் பயிற்சி மட்டுமே இல்லை.

கல்லூரியில் மொழிப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், எதில் மதிப்பெண் மிகுதியாகக் கிட்டும் என்பதே பல இல்லங்களில் பேச்சாக இருக்கிறது. அரபு பயில்வது சிறப்பே; பிரெஞ்சு பயில்வதும் குற்றமன்று. ஆனால் தமிழை விடுத்து அரபை மட்டும் பயின்றிருந்தால் உமறு கவிஞராகியிருக்க மாட்டார். அரபு அறிந்தோரை நாடாமல் தமிழோடு நின்றிருந்தால் சீறா பிறந்திராது. இம்மையில் எதைத் தேர்ந்தாலும், இல்லத்து மொழியில் நான்கு பக்கம் பிழையின்றி எழுதும் ஆற்றலை இழந்த சமுதாயம், தன் வரலாற்றைப் பிறர் எழுதித் தரக் காத்திருக்கும் சமுதாயமாகிவிடும். உவைஸ் போன்றோர் முயன்றிராவிடில், 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலாவின் பெயரை இன்று எத்தனை பேர் அறிந்திருப்போம்?

ஆகவே ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறோம். வழக்கமான தலைப்புகளோடு, மாணவர் தம் இல்லத்திலும் தெருவிலும் சென்று தேடவேண்டிய தலைப்புகளையும் தாருங்கள். பரண்மீதுள்ள கிதாபு ஒன்றைத் தமிழெழுத்துக்குப் பெயர்த்து விளக்கம் எழுதச் சொல்லுங்கள். மகல்லா ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டைக் கொண்டு, எவ்வூரார் எப்போது இங்கே குடியேறினர் என்று ஆராயச் சொல்லுங்கள். ஏரிப்பாசனத்தில் பயிர் செய்த மேடவாக்கத்து முதியவரிடம் கேட்டு, வயல் மனையான வரலாற்றை எழுதச் சொல்லுங்கள். இவற்றுக்கு விடை எந்தக் கருவியின் நினைவிலும் இல்லை. நடந்து சென்று கேட்பவர்க்கே கிட்டும். எழுதியதைத் திருத்தித் திரும்ப எழுதச் செய்யுங்கள். இரண்டாம் முறை எழுதும்போதுதான் மாணவன் தன் எழுத்தைத் தானே காண்கிறான்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி புலவர்களைப் புரந்தார். அதே கீழக்கரையிலிருந்து வந்த செல்வர்கள் இந்நாளில் சோழிங்கநல்லூரிலும் வண்டலூரிலும் கல்விக்கூடங்களை எழுப்பியுள்ளனர். கொடை மரபு அறுபடாமல் தொடர்கிறது. அன்று கொடைக்கு ஈடாக நமக்குக் காப்பியம் கிடைத்தது. இன்றைய கொடைக்கு ஈடு தரவேண்டியவர்கள் அக்கூடங்களில் பயிலும் இளைஞர்களே.

முதல் இறைச்செய்தியிலேயே ஓதுதலும் எழுதுகோலும் இடம்பெற்ற மார்க்கம் நம்முடையது. அந்த எழுதுகோல் இரவல் கையில் இல்லாமல் நம் கையிலேயே இருக்குமாறு செய்துகொள்வது, நாளை ஒப்படைக்கவேண்டிய கட்டுரையின் முதல் வரியிலேயே தொடங்கட்டும்.